கப்பலின் சுமையும் சுமைக்கோடும்: சில கலைச்சொற்களின் விளக்கம்

துறைமுகத்தில் நிற்கும் ஒரு கப்பலைச் சுட்டி, "இஃது இருபதினாயிரம் டன் கப்பல்" என்று ஒருவர் கூறுவாராயின், அக்கூற்றிலிருந்து அக்கப்பலைப் பற்றித் திட்டமாக எதுவும் அறிந்துகொள்ள இயலாது. கப்பல் தொழிலில் 'டன்' என்னும் ஒரே சொல் சில இடங்களில் எடையைக் குறிக்கிறது. சில இடங்களில் இடப்பரப்பின் அளவைக் குறிக்கிறது. எடையைக் குறிக்குமிடத்தும் அது கப்பலின் முழு எடையா, கப்பல் சுமக்கவல்ல எடையா என்ற வினா எழுகிறது. 'கோடை', 'குளிர்காலம்' என்னும் எளிய சொற்களுங்கூடக் கப்பலின் பக்கத்தில் தீட்டப்படும்போது நாம் வழக்கமாகக் கொள்ளும் பொருளைத் தருவதில்லை.

கலைச்சொற்களைப் பிரித்தறிவது வெறும் மொழிப் பயிற்சி அன்று. ஒரு கப்பலில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்ற வினாவுக்கு விடை தருவன இச்சொற்களே. அந்த விடை தவறினால் மாலுமிகளின் உயிர் போகும். இவ்வுண்மையை உலகம் பெரும் இழப்புக்குப் பின்னரே உணர்ந்தது. ஆசிரியர்களும், கடற்கரையிலும் ஆற்றோரங்களிலும் பணிபுரியும் களப்பணியாளர்களும் அறிந்திருக்க வேண்டிய சில சொற்கள் ஈண்டு விளக்கப்படுகின்றன.

எடையைக் குறிக்கும் டன்

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட தத்துவம். கப்பலுக்கும் இதுவே விதி. கப்பல் விலக்கிய நீரின் எடை 'இடப்பெயர்ச்சி' எனப்படும். அது கப்பலின் உடற்பகுதி, எந்திரங்கள், எரிபொருள், சரக்கு, ஆட்கள் ஆகிய எல்லாவற்றின் எடைக்கும் சமமாகும். ஆகவே இடப்பெயர்ச்சி என்பது மாறாத எண் அன்று; சுமை ஏற ஏற அதுவும் கூடுகிறது. போர்க்கப்பல்களின் பருமனைக் கூறுகையில் பெரும்பாலும் இந்த அளவே கையாளப்படுகிறது.

சரக்கும் எரிபொருளும் ஏற்றப்படாத கப்பலின் எடை 'வெற்றுக் கப்பல் எடை' எனப்படும். முழுச் சுமையுடன் உள்ள இடப்பெயர்ச்சியிலிருந்து வெற்றுக் கப்பல் எடையைக் கழித்தால் கிடைப்பது, மாலுமிகள் 'டெட்வெயிட்' என்று வழங்கும் சுமப்புத் திறன். இது கப்பல் தாங்கக்கூடிய மொத்தச் சுமை. இதில் சரக்கு மட்டுமின்றி எரிபொருள், குடிநீர், உணவுப் பண்டங்கள், பணியாளர் ஆகியவையும் அடங்கும்.

எடுத்துக்காட்டாக, முழுச் சுமையுடன் 20,000 டன் இடப்பெயர்ச்சி கொண்ட ஒரு சரக்குக் கப்பலைக் கொள்வோம். அதன் வெற்று எடை 5,500 டன் எனில், சுமப்புத் திறன் 14,500 டன் ஆகும். எரிபொருளுக்கும் நீருக்கும் பிறவற்றுக்குமாக 1,500 டன் ஒதுக்கினால், கட்டணம் பெற்று ஏற்றத்தக்க சரக்கு 13,000 டன் மட்டுமே. 'இருபதினாயிரம் டன் கப்பல்' என்று கேட்டு இருபதினாயிரம் டன் சரக்கை எதிர்பார்ப்பவர் பெரிதும் ஏமாற நேரிடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பழைய ஆங்கில நூல்களிலும் ஆவணங்களிலும் காணப்படும் டன் 2,240 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,016 கிலோகிராம் எடையுள்ளது. இன்று வழங்கும் மெட்ரிக் டன் 1,000 கிலோகிராம். இக்கட்டுரையின் கணக்குகள் யாவும் மெட்ரிக் டன்னில் அமைந்தவை.

கொள்ளளவைக் குறிக்கும் டன்

'டன்' என்னும் சொல் தொடக்கத்தில் எடையின் பெயரன்று. மதுவை நிரப்பும் பெரிய மரப்பீப்பாயே அப்பெயரால் வழங்கப்பட்டது. ஒரு கப்பலில் எத்தனை பீப்பாய்கள் கொள்ளும் என்பதைக் கொண்டு அதன் பருமனை மதிப்பிட்டு வரி விதித்தனர். பீப்பாய் மறைந்த பின்னரும் இடத்தை அளக்கும் இம்முறை நிலைத்துவிட்டது.

1854-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்றப்பட்ட வணிகக் கப்பல் சட்டம், ஜார்ஜ் மூர்சம் என்பார் வகுத்த முறையை ஏற்றுக்கொண்டது. அதன்படி கப்பலின் உட்புறத்தில் 100 கன அடி இடம் ஒரு 'ரிஜிஸ்டர் டன்' எனப்பட்டது. இது ஏறத்தாழ 2.83 கன மீட்டர். 1969-ஆம் ஆண்டு உருவாகி 1982-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை இம்முறையை மாற்றியமைத்தது. இன்று கப்பலின் மூடிய பகுதிகள் அனைத்தின் கன அளவையும் கணக்கிட்டு, அதை ஒரு கெழுவால் பெருக்குகின்றனர். கன அளவின் பத்தடி மடக்கையை 0.02 ஆல் பெருக்கி, அதனுடன் 0.2 கூட்டினால் அக்கெழு கிடைக்கும். கன அளவு 10,000 கன மீட்டர் எனில் மடக்கை 4, கெழு 0.28, விடை 2,800. இவ்வெண் 'மொத்தக் கொள்ளளவு' எனப்படும். இதற்கு அலகு கிடையாது. இது வெறும் எண்ணே. ஆயினும் பழக்கத்தால் பலர் இதனையும் 'டன்' என்றே கூறுகின்றனர்.

மேலே கொண்ட கப்பலின் மூடிய பகுதிகள் 32,000 கன மீட்டர் எனில், அதன் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 9,300 ஆகும். ஆகவே ஒரே கப்பலை 20,000 என்றும், 14,500 என்றும், 9,300 என்றும் கூறலாம். மூன்றும் சரியே, மூன்றும் வெவ்வேறு வினாக்களுக்கு உரிய விடைகள். கப்பலின் எடை எவ்வளவு என்பதற்கு முதலாவதும், எவ்வளவு சுமக்கும் என்பதற்கு இரண்டாவதும், எவ்வளவு பெரியது என்பதற்கு மூன்றாவதும் விடையாகும். துறைமுகக் கட்டணங்களும், பாதுகாப்பு விதிகள் பலவும் மூன்றாவது எண்ணையே அடிப்படையாகக் கொண்டவை.

எடையும் இடமும் வெவ்வேறு என்பதைச் சரக்கறையில் நன்கு காணலாம். ஒரு டன் இரும்புத் தாது ஏறத்தாழ அரைக் கன மீட்டர் இடத்தில் அடங்கிவிடும். ஒரு டன் பஞ்சுப் பொதிகளுக்கு அதைப் போலப் பல மடங்கு இடம் வேண்டும். தாது ஏற்றும் கப்பல், அறை நிறையுமுன்னரே சுமையின் எல்லையை எட்டிவிடுகிறது. பஞ்சு ஏற்றும் கப்பலோ சுமையின் எல்லையை எட்டுமுன்னரே நிறைந்துவிடுகிறது. "அறையில் இன்னும் இடமிருக்கிறதே" என்பது மேலும் ஏற்றுவதற்குக் காரணமாகாது.

அமிழ்வு ஆழமும் நீர்மேல் உயரமும்

அவ்வாறாயின் சுமையின் எல்லையைக் காட்டுவது எது? இதனை அறிய இரண்டு அளவுகள் துணைபுரிகின்றன. கப்பலின் அடிப்பகுதியில் முதுகெலும்பு போல் நீண்டு கிடக்கும் 'ஏரா' என்னும் உறுப்பிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள செங்குத்து உயரம் 'அமிழ்வு ஆழம்' எனப்படும். 'அணியம்' எனப்படும் முன்பகுதியிலும் பின்பகுதியிலும் எண்கள் தீட்டப்பட்டிருப்பது இதைப் படித்தறிவதற்கே. நீர்மட்டத்திலிருந்து மேல்தளம் வரையுள்ள உயரம் 'நீர்மேல் உயரம்' எனப்படும். இதனை மாலுமிகள் 'ஃபிரீபோர்டு' என்பர்.

நீருக்கு மேலே நிற்கும் இப்பகுதி பயனற்று நிற்பதன்று. நீர் புகாதவாறு மூடப்பட்ட இப்பகுதியின் கன அளவே கப்பலின் 'சேமிப்பு மிதப்பு' ஆகும். அலை மேலே ஏறி அழுத்தும்போதும், ஓர் அறையில் நீர் புகும்போதும், கப்பல் சற்று அமிழ்ந்து இச்சேமிப்பிலிருந்து கூடுதல் மிதப்பாற்றலைப் பெறுகிறது. சுமையை மிகுதியாக ஏற்றுபவர் இச்சேமிப்பையே செலவழிக்கிறார். அமைதியான துறைமுகத்தில் இதன் தீங்கு தெரிவதில்லை, புயலில்தான் தெரியும்.

சுமைக்கோடு பிறந்த வரலாறு

19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்தில் பழுதடைந்த கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கை ஏற்றி அனுப்பும் வழக்கம் இருந்தது. காப்பீடு செய்யப்பட்ட கப்பல் மூழ்கினால் உரிமையாளருக்கு இழப்பில்லை, மாலுமிக்கே உயிரிழப்பு. இத்தகைய கலங்களை மக்கள் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்று அழைத்தனர். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின் அவற்றில் செல்ல மறுத்த மாலுமிகள் சிறையிலடைக்கப்பட்டதும் உண்டு.

இக்கொடுமையை எதிர்த்தவர் சாமுவேல் பிளிம்சால் (1824–1898). டார்பி தொகுதியிலிருந்து 1868-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1873-இல் மாலுமிகளின் நிலையை விளக்கும் நூலொன்றை வெளியிட்டு மக்களின் கருத்தைத் திரட்டினார். 1876-ஆம் ஆண்டுச் சட்டம் கப்பலின் பக்கத்தில் சுமைக் குறியீட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் அச்சட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. குறியீட்டை எவ்விடத்தில் இடுவது என்பதை உரிமையாளரே முடிவு செய்யலாம் என்று விடப்பட்டிருந்தது. குறி இருந்தது, அதன் பொருள் வரையறுக்கப்படவில்லை. அதன் இடத்தைச் சட்டமே நிர்ணயிக்கும் நிலை 1890-இல்தான் ஏற்பட்டது. வரையறை இல்லாத சொல் எவரையும் காக்காது என்பதற்கு இந்தப் பதினான்கு ஆண்டுகளே சான்று.

பின்னர் 1930-இல் பன்னாட்டு அளவில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதற்குப் பதிலாக 1966-இல் உருவான சுமைக்கோடுகள் பற்றிய உடன்படிக்கை 1968-இல் நடைமுறைக்கு வந்தது. பிற்காலத் திருத்தங்களுடன் இதுவே இன்றைய விதிகளுக்கு அடிப்படையாகும்.

குறியீட்டின் அமைப்பும் பொருளும்

கப்பலின் இரு பக்கங்களிலும், நீளத்தின் நடுவே, 300 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள ஒரு வளையம் காணப்படும். அதன் நடுவே 450 மில்லிமீட்டர் நீளமுள்ள கிடைக்கோடு ஒன்று செல்லும். அக்கோட்டின் மேல்விளிம்பு வளையத்தின் மையத்தின் வழியே செல்லும். அதுவே கோடைக்கால எல்லை. வளையத்துக்கு முன்புறம், அதன் மையத்திலிருந்து 540 மில்லிமீட்டர் தொலைவில் ஒரு செங்குத்துக் கோடும், அதிலிருந்து ஏணிப்படிகள் போல் நீளும் சிறு கோடுகளும் இருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் ஆங்கில எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 'எஸ்' கோடையையும், 'டபிள்யூ' குளிர்காலத்தையும், 'டி' வெப்பமண்டலத்தையும், 'எஃப்' நன்னீரையும், 'டி எஃப்' வெப்பமண்டல நன்னீரையும் குறிக்கும். 100 மீட்டருக்கு மேற்படாத கப்பல்களுக்கு வட அட்லாண்டிக் குளிர்காலக் கோடு ஒன்றும் உண்டு. அது குளிர்காலக் கோட்டுக்கும் 50 மில்லிமீட்டர் கீழே இருக்கும்.

கோடைக்கால அமிழ்வு ஆழத்தை 48 ஆல் வகுத்தால் வரும் அளவு, கோடைக்கோட்டுக்கும் வெப்பமண்டலக் கோட்டுக்கும் உள்ள இடைவெளியாகும். அதே அளவு கீழே குளிர்காலக் கோடு அமைகிறது. நாம் கொண்ட கப்பலின் அமிழ்வு ஆழம் 9.6 மீட்டர் எனில் இடைவெளி 20 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் அமிழ அக்கப்பலுக்கு 25 டன் சுமை தேவை என்று கொண்டால், ஒவ்வொரு படிக்கும் 500 டன் வேறுபாடு உண்டாகிறது. 500 டன் சரக்கின் கட்டணம் சிறிதன்று. எனவே மேலே ஒரு படி ஏற்ற வேண்டும் என்ற ஆசையும் சிறிதாய் இராது.

இங்கு 'கோடை' என்பதை நம் நாட்டு வெயிற்காலம் என்று கொள்ளலாகாது. இச்சொற்கள் குறிப்பது வெப்பத்தை அன்று. கடலில் எதிர்பார்க்கப்படும் காற்றின் சீற்றத்தையே. வங்காள விரிகுடா டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை 'வெப்பமண்டலம்' என்றும், மே 1 முதல் நவம்பர் 30 வரை 'கோடை' என்றும் வகுக்கப்பட்டுள்ளது. கரையில் நாம் மார்கழிக் குளிர் என்று சொல்லும் நாட்களில் கப்பல் வெப்பமண்டலக் கோடு வரை அமிழலாம்; மழைக்காற்றும் புயல்களும் வரும் மாதங்களிலோ 20 சென்டிமீட்டர் குறைத்தே அமிழ வேண்டும். ஏப்ரல் திங்களில் முறையான சுமை, மே திங்களில் மிகைச் சுமை ஆகிவிடுகிறது. இதன் காரணத்தை விளக்கினால், பருவக்காற்று பற்றிய பாடம் மாணவர் உள்ளத்தில் நன்கு பதியும்.

நன்னீரும் ஹூக்ளி ஆறும்

கடல்நீரின் அடர்த்தி நன்னீரின் அடர்த்தியைப்போல் 1.025 மடங்கு. ஆகவே 20,000 டன் கப்பல் கடலில் ஏறத்தாழ 19,512 கன மீட்டர் நீரை விலக்கினால் போதும். நன்னீரிலோ 20,000 கன மீட்டர் விலக்க வேண்டும். 488 கன மீட்டர் வேறுபாட்டை ஈடுசெய்ய அக்கப்பல் மேலும் 20 சென்டிமீட்டர் அமிழ்கிறது. சுமையில் ஒரு கிலோகிராமும் கூடவில்லை. நீர் மட்டுமே மாறியது. இதற்கெனத்தான் நன்னீர்க் கோடு கோடைக்கோட்டுக்கு மேலே இடப்பட்டுள்ளது. ஆற்றுத் துறைமுகத்தில் அக்கோடு வரை ஏற்றப்பட்ட கப்பல், கடலை அடைந்ததும் கோடைக்கோட்டுக்கு உயர்ந்துவிடும்.

கொல்கத்தா துறைமுகத்தில் இவ்விதி அன்றாடப் பயன்பாட்டில் உள்ளது. கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆற்றுவழியைக் கடந்தே கப்பல்கள் அங்குச் செல்கின்றன. மணல் திட்டுகள் நிறைந்த அவ்வழியில் பயிற்சி பெற்ற வழிகாட்டி மாலுமிகள் கப்பலை நடத்திச் செல்கின்றனர். தாமோதர் ஆறும் ரூப்நாராயண் ஆறும் ஹூக்ளியுடன் கலக்கும் இடங்களுக்கிடையே உள்ள ஒரு திட்டு, 1694-இல் அங்கு அழிந்த கப்பலொன்றின் பெயரால் 'ஜேம்ஸ் அண்டு மேரி' என்று இன்றும் வழங்குகிறது. இத்தகைய ஆற்றில் மேலே செல்லும்போது அமிழ்வு ஆழம் கூடுவதைக் கணக்கிற் கொள்ளாவிடில் கப்பல் தரை தட்டும். வெளியேறும் கப்பலுக்குச் சலுகையாக உள்ள அதே 20 சென்டிமீட்டர், உள்ளே வரும் கப்பலுக்கு எச்சரிக்கையாகிறது.

கழிமுகங்களில் நீர் முழு நன்னீராகவோ முழுக் கடல்நீராகவோ இராது. அங்கு நீரடர்த்திமானியால் அடர்த்தியை அளந்து விகிதப்படி கணக்கிடுகின்றனர். அடர்த்தி 1.010 எனில், கடல்நீருக்கும் நன்னீருக்கும் உள்ள 25 பங்கு வேறுபாட்டில் 15 பங்குக்கே சலுகை. அதாவது நம் கப்பலுக்கு 12 சென்டிமீட்டர்.

கவிழாமையும் நீர்மேல் உயரமும்

சுமையின் அளவைப் போன்றே அது வைக்கப்படும் இடமும் முக்கியமானது. கப்பலின் எடை முழுவதும் கீழ்நோக்கிச் செயற்படுவதாகக் கொள்ளும் புள்ளி 'புவியீர்ப்பு மையம்'. நீரின் உதைப்பு மேல்நோக்கிச் செயற்படும் புள்ளி 'மிதப்பு மையம்'. கப்பல் சற்றுச் சாயும்போது மிதப்பு மையம் சாய்ந்த பக்கம் நகர்கிறது. அதன் வழியே மேல்நோக்கி வரையப்படும் செங்குத்துக் கோடு, கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளி 'மெட்டாசென்டர்' ஆகும். பிரெஞ்சு அறிஞர் பூகேர் 1746-இல் வெளியிட்ட நூலில் இப்பெயரை வழங்கினார். புவியீர்ப்பு மையம் இப்புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை கப்பல் தானே நிமிரும். மேலே சென்றுவிட்டால் சாய்வு மேலும் கூடும்.

ஆட்கள் மேல்தளத்தில் திரளும்போது புவியீர்ப்பு மையம் உயர்கிறது. அவர்கள் ஒரே பக்கம் சென்றால் கலம் சாய்கிறது. நீர்மேல் உயரம் குறைவாக இருந்தால், சிறு சாய்விலேயே தளத்தின் விளிம்பு நீரில் மூழ்கி, நிமிர்த்தும் ஆற்றல் விரைவில் குன்றிவிடுகிறது. கலத்தினுள் தேங்கிய நீர் சாய்ந்த பக்கம் ஓடிச் சேர்ந்து ஆபத்தை மேலும் பெருக்குகிறது. 2023-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் கேரள மாநிலம் மலப்புரம் மாவட்டத்தில் தானூரை அடுத்த நீர்ப்பரப்பில் சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அப்படகு அளவுக்கு மிஞ்சிய ஆட்களை ஏற்றியிருந்தது. பெருங்கப்பலுக்குக் கூறிய விதிகள் சிறு படகுக்கும் பொருந்தும் என்பதை இத்துயரம் நினைவூட்டுகிறது.

வகுப்பிலும் களத்திலும்

ஆசிரியர்கள் இவ்விதிகளை எளிய சோதனையால் காட்டலாம். தட்டையான அடியுள்ள ஒரு கண்ணாடிக் குழாயில் மணல் இட்டு, அளவு குறித்த தாளொன்றை உட்புறம் ஒட்டி, நன்னீரில் நேராக மிதக்கவிட வேண்டும். பின்னர் அந்நீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்பைக் கரைத்தால், 10 சென்டிமீட்டர் அமிழ்ந்திருந்த குழாய் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் உயரும். உயர்வு சிறிதாயினும் கூர்ந்து நோக்கினால் தெரியும். 'டன்' என்ற சொல் வரும் செய்தித்தாள் பகுதிகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் எடையைக் குறிக்கிறதா, கொள்ளளவைக் குறிக்கிறதா என்று மாணவரைக் கண்டறியச் செய்வதும் நற்பயிற்சியாகும்.

களப்பணியாளர்கள் ஓடத்துறைகளிலும் மீன்பிடி துறைகளிலும் மக்களுடன் பேசும்போது, "எத்தனை பேர் ஏறலாம்?" என்ற வினாவுடன் நில்லாமல், "நிறைந்த சுமையில் நீருக்கு மேலே எவ்வளவு உயரம் நிற்கிறது?" என்றும் வினவுதல் வேண்டும். முறையாகச் சோதித்து அனுமதிக்கப்பட்ட அளவை, எளிதில் மறையாத வண்ணத்தில் பக்கத்தில் தீட்டியிருந்தால், எழுத்தறியாதவரும் கரையிலிருந்தே அதனைப் படித்தறியலாம். அக்கோடு நீருக்குள் மறைந்திருந்தால் ஏறாதிருப்பதும், ஏறியவர் சிலரை இறக்குவதுமே தக்க செயல்.

கப்பலின் பக்கத்தில் காணும் வளையமும் சில கோடுகளும் அழகுக்காகத் தீட்டப்பட்டவை அல்ல. எடை, கொள்ளளவு, அடர்த்தி, பருவம் ஆகிய நான்கையும் ஒருங்கே கணக்கிட்டு, "இதற்கு மேல் ஏற்றாதே" என்று கூறும் கட்டளை அது. அக்கட்டளையைப் படித்தறியத் தெரிந்தவர்கள் துறைதோறும் பெருகினால், பிளிம்சால் பாடுபட்டுப் பெற்றுத்தந்த பாதுகாப்பு பெருங்கப்பல்களுக்கு மட்டுமின்றிச் சிற்றோடங்களுக்கும் கிட்டும்.